வெங்காயம் முளைவிடாமல் காக்கும் கதிர்கள்
(உரையின் எழுத்து வடிவம்)

விளைவிப்பது உழவுத் தொழிலின் ஒரு பாதி. விளைந்ததைக் கெடாமல் காப்பது மற்றொரு பாதி. முதற் பாதியில் நம் நாடு கண்டுள்ள முன்னேற்றம் பெரிது. 2022-23 ஆம் ஆண்டில் வெங்காய விளைச்சல் 302 லட்சம் டன்னையும், உருளைக்கிழங்கு விளைச்சல் 600 லட்சம் டன்னையும் எட்டியது. ஆயினும் இரண்டாம் பாதியில் இன்னும் செய்ய வேண்டியது மிகுதி. நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட கிழங்கும் குமிழும் உண்பவரின் அடுப்பை அடையுமுன் அழுகியும், உலர்ந்தும், முளைத்தும் வீணாகின்றன. இம்மூன்றில் முளைத்தலை அடியோடு நிறுத்தக் கூடிய ஒரு முறை அறிவியலாரின் கையில் பல பத்தாண்டுகளாக உள்ளது. காமாக் கதிர்களைக் கொண்டு பதனம் செய்வதே அம்முறை. அது எவ்வாறு செயற்படுகிறது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, இத்தனை ஆண்டுகளாகியும் அது ஏன் பரவலாகவில்லை என்பனவற்றை ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

இரு பருவங்களுக்கு இடையே

வெங்காயத்தின் சிக்கலை உணர அதன் பருவத்தை முதலில் உணர வேண்டும். நம் நாட்டின் வெங்காய விளைச்சலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ரபி பருவத்தில் கிடைப்பதாகும். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்திலும் அதனையொத்த பிற பகுதிகளிலும் மார்ச் மாத இறுதி முதல் மே வரை இந்த வெங்காயம் அறுவடையாகிறது. அதற்குப் பின் புதிய கரீப் வெங்காயம் சந்தைக்கு வருவது அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். இடைப்பட்ட ஐந்தாறு மாதங்களுக்கு நாடு முழுவதும் உண்பது சேமித்து வைத்த ரபி வெங்காயத்தையே. சேமிக்கத் தகுந்ததும் அதுவே; நீர்ச்சத்து மிகுந்த கரீப் வெங்காயம் நெடுநாள் தாங்குவதில்லை.

ஆகவே ஏப்ரலில் வரத்து குவிகிறது, விலை சரிகிறது. சேமிக்க இடமும் பொறுத்திருக்க வசதியும் இல்லாத சிறு விவசாயி, வண்டிக் கூலிக்கும் கட்டுபடியாகாத விலைக்கு விற்றுவிட்டு வீடு திரும்புகிறார். செப்டம்பரில் கையிருப்பு குறைகிறது. கரீப் பயிர் மழையால் கெட்டால் விலை ஏறுகிறது. அப்போது நகரத்துக் கூலித் தொழிலாளியின் வீட்டில் வெங்காயம் பாதியாகக் குறைகிறது. 1998 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏற்பட்ட இத்தகைய விலையேற்றம் தில்லி சட்டமன்றத் தேர்தலிலேயே பெரும் பேசுபொருளாயிற்று என்பது நினைவிருக்கலாம். ஏப்ரலில் அழும் விவசாயிக்கும் அக்டோபரில் அழும் நுகர்வோருக்கும் இடையே நிற்பது சேமிப்புக் கிடங்கு ஒன்றுதான். அக்கிடங்கிலோ நான்கைந்து மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை சேதமாகிவிடுவது உண்டு.

முளை ஏன் வருகிறது?

வெங்காயம் உயிரற்ற பண்டம் அன்று. தடித்த இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூழ்ந்து நிற்க, நடுவே ஒரு குருத்து உறங்கிக் கிடக்கும் உயிருள்ள செடியே அது. இயற்கை அதனைப் படைத்தது நமது குழம்புக்காக அன்று. அடுத்த பருவத்தில் மீண்டும் தளிர்த்துப் பூத்து விதை தருவதற்காகவே. உருளைக்கிழங்கும் அவ்வாறே. அது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் மேலுள்ள கண் ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. அறுவடைக்குப் பின் சில வாரங்களுக்கு இவை உறக்க நிலையில் இருக்கும். அந்த உறக்கம் கலைந்ததும் சேர்த்து வைத்த மாவுப் பொருளையும் சர்க்கரையையும் உண்டு குருத்து நீளத் தொடங்கும். குமிழ் மென்மையாகிச் சுருங்கும், எடை குறையும், விலை போகாது. உருளைக்கிழங்கின் முளையிலும் பசுமை படர்ந்த தோலிலும் சொலனின் போன்ற நச்சுப் பொருள்கள் மிகுவதும் கருதத்தக்கது.

வெங்காயத்தின் உறக்கத்தைக் கலைப்பதில் வெப்பநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. உறைநிலையை ஒட்டிய கடுங்குளிரில் அது உறங்கும்; 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்திலும் முளைப்பது குறைவு. இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரி வரையிலான இதமான நிலையிலேதான் அது விரைந்து முளைக்கிறது. கோடையில் அமைதியாகக் கிடந்த குவியல், மழைக்காலத்து ஈரமும் குளிர்ச்சியும் வந்தபின் முளைக்கத் தொடங்குவதன் காரணம் இதுவே.

பழைய முறைகளும் அவற்றின் எல்லைகளும்

நாசிக் பகுதி விவசாயிகள் 'காந்தா சாள்' எனப்படும் சேமிப்புக் கொட்டகைகளைப் பயன்படுத்துகின்றனர். தரையிலிருந்து உயர்த்திய தளம், காற்று ஊடுருவும் மூங்கில் அல்லது கம்பி வலைப் பக்கங்கள், வெயிலும் மழையும் தாக்காத கூரை என்ற அமைப்பு அது. எளிமையானது, செலவு குறைந்தது, அழுகலைக் கணிசமாகக் குறைப்பது. ஆனால் குமிழின் உள்ளே விழித்தெழும் குருத்தை அதனால் தடுக்க இயலாது.

குளிர்பதனக் கிடங்கு மற்றொரு வழி. வெங்காயத்தை 0 முதல் 2 டிகிரியில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி வைத்தால் அது நெடுநாள் இருக்கும். எனினும் வெளியே எடுத்த சில நாட்களிலேயே அது வேகமாக முளைத்துவிடுகிறது. உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் வைத்தால் முளை அடங்கும். ஆனால் மாவுப் பொருள் சர்க்கரையாக மாறிக் கிழங்கு தித்திக்கிறது. அதை வறுவலாக்கினால் கருத்துப் போகிறது. வறுவல் தயாரிக்கும் தொழிற்சாலைகள் அத்தகைய கிழங்கை ஏற்பதில்லை.

மூன்றாவது வழி இரசாயனம். உருளைக்கிழங்கில் முளையடக்கியாகப் பல நாடுகளில் பயன்பட்டு வந்த குளோர்புரோபாம் என்னும் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆம் ஆண்டில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. உணவில் எஞ்சி நிற்கும் இரசாயனம் குறித்த கவலையே அதற்குக் காரணம். எச்சம் எதனையும் விட்டுச் செல்லாத ஒரு முறையின் தேவை இதனால் மேலும் தெளிவாகிறது.

கதிர்கள் செய்யும் வேலை

கோபால்ட்-60 என்னும் தனிமம் தன்னியல்பாகச் சிதைந்து காமாக் கதிர்களை வெளியிடுகிறது. இயற்கையில் கிடைக்கும் சாதாரண கோபால்ட்டை அணு உலையில் வைத்து இது தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டு அணுமின் உலைகளிலேயே இதனை உற்பத்தி செய்கின்றனர். காமாக் கதிர்கள் ஒளியின் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஊடுருவும் ஆற்றல் மிகுந்தவை. மூட்டையைப் பிரிக்காமலே அதனுள்ளிருக்கும் குமிழ்களின் நடுப்பகுதி வரை இவை சென்று சேரும்.

உயிரணுக்களில் ஓயாது பிரிந்து பெருகுபவை கதிர்களால் எளிதில் தாக்குறும். வளர்ச்சி முடிந்து அமைந்துவிட்டவை அவ்வளவாகத் தாக்குறா. பிரெஞ்சு அறிவியலார் பெர்கோனியே, திரிபோந்தோ ஆகியோர் 1906 ஆம் ஆண்டிலேயே வகுத்துக் கூறிய உண்மை இது. வெங்காயத்தில் பிரிந்து பெருகக் காத்திருப்பவை குருத்தின் நுனியிலுள்ள உயிரணுக்கள் மட்டுமே. சிறிதளவு கதிர் பட்டதும் அவற்றின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. சிதைகிறது, அவை பிரியும் திறனை இழக்கின்றன. சுற்றியுள்ள இலையடிகளோ உயிரோடு, சுவையோடு, மணத்தோடு அப்படியே இருக்கின்றன. முளை மட்டும் வராது.

இதற்கு வேண்டிய அளவு மிகச் சொற்பம். ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் பதிவதை ஒரு கிரே என அளவிடுகின்றனர். 1994 ஆம் ஆண்டில் இந்திய அரசு உணவுக் கலப்பட தடுப்பு விதிகளைத் திருத்தி அனுமதி வழங்கியபோது, வெங்காயத்துக்கு 30 முதல் 90 கிரே வரையிலும், உருளைக்கிழங்குக்கு 60 முதல் 150 கிரே வரையிலும் அளவு வகுக்கப்பட்டது. 60 கிரே பெற்ற வெங்காயத்தின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட உயர்வதில்லை. ஆகவே இது வேக வைத்தலும் அன்று, உலர்த்தலும் அன்று. பச்சைக் காய் பச்சைக் காயாகவே வெளிவருகிறது.

காலமும் பக்குவமும்

இம்முறையின் வெற்றி கதிரில் பாதி, காலத்தில் பாதி. வெங்காயம் உறக்க நிலையில் இருக்கும்போதே, அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் கதிர் பாய்ச்சப்பட வேண்டும். காலம் தாழ்த்தினால் உள்ளே குருத்து ஓரளவு நீண்டிருக்கும். கதிர் பட்டபின் அது வளராது. ஆனால் மடிந்து பழுப்பு நிறமாகும். வெளியே நன்றாயிருக்கும் வெங்காயத்தை அரிந்தால் நடுவே கறை தெரியும். வாங்கியவர் அதனை அழுகல் என்றே எண்ணுவார்.

கதிருக்கு முன் பக்குவப்படுத்தலும் இன்றியமையாதது. வெங்காயத்தை நிழலில் உலர்த்தி, கழுத்து நன்கு சுருங்கி மூடிக்கொண்ட பின்பே மூட்டை கட்ட வேண்டும். உருளைக்கிழங்கைத் தோண்டும்போது தோலில் ஏற்படும் காயங்கள் தாமாக ஆறுவதற்குச் சில நாட்கள் விட வேண்டும். காயம் ஆற்றுவதும் உயிரணுக்கள் பிரிந்து பெருகும் வேலையே ஆதலால், கதிர் பட்டபின் ஆறாத காயம் ஆறாமலே நின்று அழுகலுக்கு வாயிலாகிவிடும்.

இங்கே ஓர் உண்மையை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். முளையைத் தடுக்கும் இச்சிறிய அளவு, அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் பூஞ்சணங்களையும் அழிக்காது. நீர் ஆவியாகி எடை குறைவதையும் நிறுத்தாது. அடிபட்ட, ஈரமுள்ள, நோயுற்ற வெங்காயத்தைக் கதிர் காப்பாற்றிவிடும் என்று எண்ணுவது தவறு. நல்ல சரக்கை நல்ல சரக்காக நீட்டித்து வைக்கும் கருவியே இது. கெட்டதைத் திருத்தும் மந்திரம் அன்று. காற்றோட்டமுள்ள கொட்டகையும் குளிர்பதனமும் இதனோடு இணையும்போதே முழுப்பயன் கிட்டும். கதிர் பெற்ற உருளைக்கிழங்கை 2 டிகிரிக்குப் பதில் 10 முதல் 15 டிகிரியில் வைத்தாலே போதும். மின்செலவு குறைகிறது, கிழங்கு தித்திப்பதும் இல்லை. கதிர் பெற்றுக் குளிர்கிடங்கில் இருந்த வெங்காயம் வெளியே வந்த பின்னும் முளைப்பதில்லை. இக்கிழங்கையும் குமிழையும் விதைக்கு மட்டும் பயன்படுத்த இயலாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அச்சமும் தெளிவும்

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை ஏளனம் செய்வதால் பயனில்லை, விளக்கமே தேவை. கதிர் பாய்ச்சிய வெங்காயம் கதிரியக்கம் பெறுவதில்லை. கோபால்ட்-60 உலோகம் எஃகு உறைகளுக்குள் முத்திரையிடப்பட்டிருக்கிறது. அது உணவைத் தொடுவதே இல்லை. அதன் கதிர்களுக்கு உணவிலுள்ள அணுக்களைக் கதிரியக்கம் உடையனவாக மாற்றும் அளவுக்கு ஆற்றலும் கிடையாது. விளக்கொளியில் வைத்த பொருள் விளக்கை அணைத்தபின் ஒளிர்வதில்லை, அதுபோன்றதே இதுவும்.

சத்து குறையுமா என்பது அடுத்த கேள்வி. இவ்வளவு சிறிய அளவில் வைட்டமின் சி சற்றே குறையலாம். நீண்ட நாள் சேமிப்பில் இயல்பாக ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

எனினும் ஐயங்கள் நம் நாட்டிலேயே அறிவியல் தளத்தில் எழுந்ததுண்டு. 1975 ஆம் ஆண்டில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், கதிர் பாய்ச்சிய கோதுமையை உடனடியாக உண்ட, ஊட்டக்குறைவுற்ற சில குழந்தைகளின் இரத்த அணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை மிகுந்த அணுக்கள் காணப்பட்டதாக அறிவித்தனர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. அரசு அமைத்த வல்லுநர் குழு இரு தரப்புச் சான்றுகளையும் ஆராய்ந்து, தீங்கு நிறுவப்படவில்லை எனக் கண்டது. 1980 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகிய மூன்றும் இணைந்து அமைத்த குழு, 10,000 கிரே வரை கதிர் பெற்ற உணவால் நச்சுத் தீங்கு இல்லை என முடிவு கூறியது. வெங்காயத்துக்கு வேண்டியது அதில் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவே.

ஆயினும் தெரிந்து தேர்வது நுகர்வோரின் உரிமை. கதிர்வீச்சால் பதனம் செய்யப்பட்டது என்ற சொற்களும், பதனம் செய்த தேதியும், 'ராடுரா' எனப்படும் பச்சை நிற அடையாளமும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. மறைத்து விற்பதால் நம்பிக்கை வளராது. சொல்லி விற்பதால்தான் வளரும்.

டிராம்பேயிலிருந்து லாசல்காவ் வரை

சோவியத் ஒன்றியம் 1958 ஆம் ஆண்டிலும், கனடா 1960 ஆம் ஆண்டிலும் உருளைக்கிழங்குக்குக் கதிர்வீச்சுப் பதனத்தை அனுமதித்தன. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் ஷிஹோரோ என்னும் ஊரில் வேளாண் கூட்டுறவுச் சங்கமே 1970களில் உருளைக்கிழங்குக்கென ஆலை அமைத்துப் பல பத்தாண்டுகள் நடத்தியது. இந்தியாவில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1960களிலேயே உணவுப் பதன ஆய்வு தொடங்கிவிட்டது. 1994 ஆம் ஆண்டு அனுமதிக்குப் பின், 1998 ஆம் ஆண்டில் பூண்டு, இஞ்சி, தமிழகச் சமையலில் தனியிடம் பெற்ற சின்ன வெங்காயம் முதலியனவும் பட்டியலில் சேர்ந்தன. 2012 ஆம் ஆண்டின் அணுசக்தி விதிகள் தனித்தனிப் பொருள் என்பதை விடுத்து, குமிழ், கிழங்கு வகைகள் அனைத்துக்கும் பொதுவாக 20 முதல் 200 கிரே என அளவு வகுத்தன.

ஆசியாவின் மிகப் பெரிய வெங்காயச் சந்தை எனப் பெயர் பெற்ற லாசல்காவ் நாசிக் மாவட்டத்தில் உள்ளது. அங்கே அணுசக்தித் துறை 2002 ஆம் ஆண்டில் 'க்ருஷக்' என்னும் பதன ஆலையை நிறுவியது. மணிக்குப் பத்து டன் வெங்காயத்தைப் பதனம் செய்யும் திறன் கொண்டதாக அது அமைக்கப்பட்டது. தடித்த காங்கிரீட் சுவர்கள் சூழ்ந்த அறைக்குள் கதிர் மூலத்தைச் சுற்றிப் பெட்டிகள் மெல்ல நகர்ந்து வெளிவருகின்றன.

ஆனால் அந்த ஆலைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது வெங்காயம் அன்று; மாம்பழம். 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்குக் கதவைத் திறந்தபோது, பழத்திலுள்ள பூச்சிகளைச் செயலிழக்கச் செய்யக் குறைந்தது 400 கிரே கதிர் வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியது. அந்த வேலையை லாசல்காவ் ஆலை ஏற்றது. வெங்காயத்துக்காகக் கட்டிய ஆலை மாம்பழத்தால் பெயர் பெற்றது தற்செயல் அன்று. அதன் பின்னே ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது.

ஏன் பரவவில்லை?

மாம்பழம் விலையுயர்ந்த ஏற்றுமதிப் பண்டம். கதிர்வீச்சுச் செலவு அதன் விலையில் கரைந்துவிடும். வெங்காயம் எடை மிகுந்தது, விலை குறைந்தது. அதனைக் கொட்டகையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து மீண்டும் கிடங்குக்கும் ஏற்றி இறக்கும் கூலி ஒருபுறம். ஏற்றி இறக்கும்போது படும் அடி மறுபுறம். பதனம் செய்ய வேண்டிய காலமோ ஆண்டில் இரண்டு மாதங்கள்தான். கோபால்ட் காத்திருப்பதில்லை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 விழுக்காடு தன் வலிமையை இழந்து கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு நிலையைத் தெளிவாக்கும். மணிக்குப் பத்து டன் திறனுள்ள ஆலை நாளொன்றுக்கு இருபது மணி நேரமாக அறுபது நாட்கள் ஓடினால் 12,000 டன் வெங்காயம் பதனமாகும். விலை உயர்வைத் தடுக்க 2023-24 ஆம் ஆண்டில் மத்திய அரசு கொள்முதல் செய்யத் திட்டமிட்ட கையிருப்பு மட்டுமே 5 லட்சம் டன். அந்தக் கையிருப்பு முழுவதையும் பதனம் செய்ய இத்தகைய ஆலைகள் நாற்பதுக்கு மேல் வேண்டும். அதே ஆண்டில் நுகர்வோர் நலத் துறை பாபா அணு ஆராய்ச்சி மையத்துடன் இணைந்து, கையிருப்பின் ஒரு சிறு பகுதியைச் சோதனை முறையில் கதிர் பாய்ச்சிச் சேமித்தது. 2025 ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை, 50 பல்பொருள் கதிர்வீச்சு ஆலைகள் அமைக்க உதவும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 'பல்பொருள்' என்ற சொல் கவனிக்கத்தக்கது. கோடையில் வெங்காயமும் மாம்பழமும், பிற மாதங்களில் மசாலைப் பொருள்களும் பருப்பு வகைகளும் என ஆண்டு முழுவதும் வேலை இருந்தால்தான் ஆலை தன் காலில் நிற்கும்.

யாருக்குப் பயன்?

இறுதியாக எழும் கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. சேமிப்பினால் கிடைக்கும் இலாபம் யாருக்குச் செல்லும்? ஏப்ரலிலேயே விவசாயி தன் சரக்கை விற்றுவிட்டால், அக்டோபர் வரை அதனைக் கெடாமல் வைத்திருக்கும் ஆற்றல் வாங்கியவரின் ஆற்றலாகிறது. அந்நிலையில் கதிர் காப்பது வெங்காயத்தை மட்டுமே; விளைவித்தவரை அன்று. பதுக்கலுக்கு அது துணையாகவும் கூடும். எனவே ஆலையோடு வேறு சில ஏற்பாடுகளும் வர வேண்டும். விவசாயிகள் தம் சரக்கைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலோ கிடங்கில் வைத்து, கிடங்கு இரசீதின் பேரில் கடன் பெற வழி வேண்டும். அப்போதுதான் அவசரச் செலவுக்காக அடிமாட்டு விலைக்கு விற்க நேராது. ஷிஹோரோவில் ஆலையை நடத்தியது கூட்டுறவுச் சங்கம் என்பது இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

உலர்த்தும் களம், தரம் பிரிக்கும் கொட்டகை, கதிர் ஆலை, குளிர்கிடங்கு ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் அமைவது நலம். வெங்காயம் ஒரு முறை இறங்கி, ஒரு முறை ஏறிச் செல்ல வேண்டும். நான்கு முறை அன்று. விளைநிலத்தை ஒட்டிய சந்தை ஊர்களே இவற்றுக்கு ஏற்ற இடம். துறைமுக நகரங்கள் அல்ல.

அறிவியலார் தம் பங்கைச் செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. சட்டமும் வழிவிட்டிருக்கிறது. எஞ்சியிருப்பது ஏற்பாடு. குமிழின் நடுவே உறங்கும் குருத்தை இன்னும் சில மாதங்கள் உறங்க வைக்கக் கற்றாகிவிட்டது. அந்தச் சில மாதங்களின் பயன் உழுதவருக்கும் உண்பவருக்கும் நேர்மையாகப் பகிரப்படுமாறு செய்வதே இனி ஆற்ற வேண்டிய பணி. அது நிறைவேறும்போது ஏப்ரல் விலைக்கும் அக்டோபர் விலைக்கும் இடையேயுள்ள பள்ளம் தூர்ந்து, இருவருக்கும் கட்டுபடியாகும் ஒரு விலை நிலைபெற வழி பிறக்கும்.